திருகோணமலை மொட்டை மாடியில் இருந்து வியாழனை நிறுப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

வியாழனைச் சுற்றும் நிலா ஒன்று எவ்வளவு தூரத்தில், எத்தனை நாளில் சுற்றுகிறது என்ற இரண்டை மட்டும் அளந்தால் போதும், வியாழனின் திணிவு கைக்கு வந்துவிடும். இந்த மூன்றையும் இணைப்பது கெப்லரின் மூன்றாம் விதி; அதை உயர்தரப் பௌதிகவியலில் எல்லோரும் படிக்கிறார்கள். பரீட்சைத் தாளில் எண்களைத் தருவார்கள், நாங்கள் போட்டுவிட்டு வருவோம். அந்த எண்களை வானத்தில் இருந்து நீங்களே எடுக்கலாம். அதற்குப் பெரிய தொலைநோக்கி தேவையில்லை. ஐந்து வாரப் பொறுமையும் ஒழுங்காக எழுதிய ஒரு கொப்பியும்தான் தேவை. பாதியில் கைவிடுபவர்களில் அதிகம் பேர் கணக்கில் சறுக்குவதில்லை. நேரக்குறிப்பிலும் அளவுத்திட்டத்திலும்தான் (படத்தில் அளந்த நீளத்தை வானத்துக் கோணமாக மாற்றும் எண்) சறுக்குகிறார்கள். அதனால் அந்த இரண்டையும் இங்கே கூடுதலாக விளக்கியிருக்கிறேன்.

1. முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வரும் காலம்தான் இதற்கு உகந்தது. பொழுது சாயும்போது கிழக்கில் உதிக்கும், இரவு முழுக்க நிற்கும், பெரிதாகவும் தெரியும். எதிர்நிலை எனப்படும் இது ஏறக்குறைய 13 மாதத்துக்கு ஒருமுறை வரும். அடுத்தவை 2027 பெப்ரவரி இரண்டாம் வாரம், 2028 மார்ச் நடுப்பகுதி. திருகோணமலைக்கு இவை இரண்டும் வாய்ப்பான காலங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றோடு வரும் மழை அதற்குள் விலகிவிடும், கச்சான் காற்று இன்னும் தொடங்கியிராது. டிசெம்பரில் தொடங்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். தொடர்ந்து ஏழு நாள் முகில் மூடினால், நிலாவின் விலகலை நாளுக்கு நாள் குறித்து வரையப்போகும் வளைகோட்டில் ஓட்டை விழும்.

2027க்குத் திட்டமிடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதே பெப்ரவரியில் செவ்வாயும் சூரியனுக்கு எதிரே, வியாழனுக்கு அருகிலேயே வருகிறது. இரண்டில் கூடுதலாக ஒளிர்வதும் வெண்மஞ்சளாக இருப்பதும் வியாழன், சிவந்து தெரிவது செவ்வாய். ஐயம் இருந்தால் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இரு பக்கமும் நேர்கோட்டில் சிறு புள்ளிகள் தெரிந்தால் அது வியாழன்தான்.

பஞ்சாங்கத்தை வைத்துத் தேடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. 2027 பெப்ரவரியில் திருக்கணிதப் பஞ்சாங்கம் குருவைக் கடகத்தில் காட்டும், கைபேசிச் செயலியோ சிம்மத்தில் காட்டும். இரண்டும் பிழையில்லை. பஞ்சாங்கம் வானத்தை 30 பாகை கொண்ட 12 சம பங்குகளாகப் பிரிக்கிறது. செயலி காட்டும் விண்மீன் குழுக்களின் எல்லைகள் சமமானவை அல்ல. தேடுவதற்குச் செயலியையே பின்பற்றுங்கள்.

2. இடம்: கடற்கரைக்குப் போக வேண்டாம்

உப்புவெளியும் நிலாவெளியும் இருட்டான கடற்கரைகள், அங்கேதான் வானம் நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். பால்வீதி பார்க்க அது சரி. இந்த வேலைக்கு இருட்டே தேவையில்லை. தெருவிளக்கின் நடுவிலும் வியாழனின் நிலாக்கள் படத்தில் விழும். கடற்கரையில் காற்று முக்காலியை ஆட்டும், மணல் திருகாணிக்குள் புகும், உப்புத்துளி வில்லையில் படியும். உப்புப் படிந்த வில்லையை உலர்ந்த துணியால் துடைத்தால் கீறல் நிச்சயம். ஊதுபந்தால் ஊதிவிட்டு, வில்லைத் தாளை வடிநீரில் சற்றே நனைத்து, அழுத்தாமல் ஒற்றி எடுக்க வேண்டும்.

பிரெட்ரிக் கோட்டைப் பக்கமும் கடற்படைத் தளத்தை அண்டிய இடங்களும் அறவே வேண்டாம். இரவில் நீண்ட வில்லையோடு முக்காலி நிறுத்தினால் விசாரிப்பார்கள், அது அவர்களின் கடமை. வெளியே எங்காவது வைக்கத்தான் வேண்டும் என்றால் தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். காணிக்காரரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

வீட்டு மொட்டை மாடிதான் சிறந்தது. மூன்று விடயங்களை மட்டும் பாருங்கள். பகல் வெயிலில் சூடேறிய கொங்கிரீட் முன்னிரவில் வெப்பத்தைக் கக்கும், படம் நெளியும். அதனால் எட்டரை மணிக்குப் பிறகு தொடங்குங்கள். தண்ணீர்த் தாங்கிக்கு மோட்டர் ஓடும்போது தளம் அதிரும், அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். நுளம்புத்திரியைக் காற்று போகும் பக்கமாக வையுங்கள். அதன் புகை வில்லையில் எண்ணெய்ப் படலமாக ஒட்டிக்கொள்ளும்.

3. கருவி, செலவு

தேவை இவ்வளவுதான்: 300 மி.மீ. வரை போகும் வில்லையுள்ள கமரா, அசையாத முக்காலி, ஒரு கணினி. கமரா இல்லாதவர்கள் தெரிந்த கலியாணப் படப்பிடிப்பாளரிடம் நீள்வில்லையை இரவலாகவோ வாடகைக்கோ கேட்டுப் பாருங்கள். வார நாட்களில் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். ஆனால் ஐந்து வாரமும் அதே கமரா, அதே வில்லை கிடைக்க வேண்டும். நடுவில் மாற்றினால் அளவுத்திட்டத்தைத் திரும்ப எடுக்க வேண்டிவரும்.

பணம் செலவழிப்பதானால் முக்காலியில் செலவழியுங்கள். மலிவான முக்காலியின் தலை, நீள்வில்லையின் பாரத்தில் மெல்லச் சரியும். நடுத்தண்டை உயர்த்தாமல், கீழே ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டால் உறுதி கூடும். மென்பொருளுக்குச் செலவே இல்லை. வானத்தைப் பார்க்கக் கணினியில் ஸ்டெல்லேரியம், படத்தில் அளக்க ஜிம்ப் அல்லது இமேஜ்ஜே, கணக்குக்கு லிப்ரே ஒஃபிஸ் விரிதாள். எல்லாம் இலவசம்.

சிறு தொலைநோக்கியில் கைபேசியைப் பொருத்தி எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறை பொருத்தும்போதும் உருப்பெருக்கம் சற்று மாறும், எனவே ஒவ்வொரு இரவும் அளவுத்திட்டம் எடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து தொலைநோக்கி தருவிப்பதாக இருந்தால் சுங்கத் தீர்வையையும் கூரியர் கட்டணத்தையும் முன்பே விசாரியுங்கள், விலைச்சிட்டையை வைத்திருங்கள். இந்த ஒரு வேலைக்காக மட்டும் தருவிப்பது வீண்செலவு என்பதே என் கருத்து.

10×50 பைனோகுலர் இருந்தால் நிலாக்களைப் பார்க்கலாம், சதுரக்கோட்டுத் தாளில் வரையலாம். திணிவைக் கணிக்கும் அளவுக்குத் துல்லியம் வராது.

கருவிகளை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். எங்கள் ஊர் ஈரப்பதத்தில் தோல் பையில் கிடக்கும் வில்லைக்குப் பூஞ்சணம் பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தவிட்டுத்தூள் உள்ளே போகும்.

4. கொப்பியும் அட்டவணையும்

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, ஓர் இரவுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நேரம், படக்கோப்பு இலக்கம், வில்லை நீளம், வானநிலை, யார் எடுத்தது என்பவை அதில் இருக்க வேண்டும். கமராக் கடிகாரத்தை நம்ப வேண்டாம். முதல் படமாக ஒவ்வொரு இரவும் கைபேசியின் நேரத்திரையை அந்தக் கமராவாலேயே எடுங்கள். கடிகாரம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது படத்திலேயே பதிந்துவிடும்.

பூமியில் இருந்து வியாழன் அன்றிரவு எவ்வளவு தூரம் என்பது அடுத்த தேவை. நாசாவின் ஜே.பி.எல். நடத்தும் ஹொரைசன்ஸ் இணையச் சேவையில் இதை இலவசமாக எடுக்கலாம். வியாழனுக்கு 599 என்று கொடுங்கள். அட்டவணை விருப்பங்களில் 20ஆம் இலக்கத்தைத் தெரிவு செய்தால் தூரம் வானியல் அலகில் (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம் ஓர் அலகு) வரும். அங்கே வரும் நேரம் உலகப் பொது நேரம். நம் நேரத்தில் இருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழித்துப் பொருத்துங்கள். கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிட்டால் 11 மணி நேரம் பிசகும். செயலிகளில் இடத்தை வடக்கு 8.57 பாகை, கிழக்கு 81.23 பாகை என்று நீங்களே பதியுங்கள்.

தூரம் ஒன்றுதானே, ஒருமுறை எடுத்தால் போதாதா என்று தோன்றும். போதாது. 2027 பெப்ரவரி நடுவில் சுமார் 4.35 வானியல் அலகாக இருக்கும் தூரம் மார்ச் இறுதியில் சுமார் 4.6 ஆகிவிடும். இது ஏறக்குறைய 6 வீத மாற்றம். திணிவில் தூரம் மும்மடியாக வருவதால் அங்கே 18 வீதமாக வெளிப்படும்.

5. அளவுத்திட்டம்: இந்தப் படியை அவசரப்படுத்த வேண்டாம்

படத்தில் நிலா 216 படப்புள்ளி (பிக்சல்) தள்ளி நிற்கிறது என்றால் அது எத்தனை விகலை (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு)? வில்லையில் 300 மி.மீ. என்று அச்சிட்டிருப்பதை வைத்துக் கணிக்க வேண்டாம். அது தோராயமான எண்.

கலியாண வீட்டில் மணமக்களுக்குக் காட்டும் வசிட்டரும் அருந்ததியும் இதற்கென்றே அமைந்தது போல் இருக்கின்றன. இரண்டுக்கும் இடைவெளி 708 விகலை. வியாழனின் பெரிய நிலாக்கள் நான்கில் (அயோ, யூரோப்பா, கனிமீட், கலிஸ்டோ) கடைசியான கலிஸ்டோ வியாழனில் இருந்து ஆகக்கூடுதலாக விலகும் தூரமும் ஏறக்குறைய 600 விகலைதான். ஆகவே அளக்கப்போகும் நீளத்துக்கு ஒத்த நீளத்தாலேயே அளவுகோலைச் சரிபார்க்கிறீர்கள். சப்தரிஷி மண்டலத்தின் வால் பகுதியில், வளைவின் நடுவே இருக்கும் விண்மீன்தான் வசிட்டர். பெப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணியளவில் வடகிழக்கில் உதிக்கும், நள்ளிரவுக்கு 26 பாகை உயரம் வரும். மார்ச் இறுதியில் அதே உயரத்தை ஒன்பதரை மணிக்கே பார்க்கலாம். அடிவானத்தை ஒட்டி நிற்கும்போது எடுக்க வேண்டாம், வளிமண்டலம் இடைவெளியைச் சற்றுச் சுருக்கிக் காட்டும்.

செய்முறை: வில்லையை முழு நீளத்துக்கு இழுத்து, நழுவாமல் நாடா ஒட்டுங்கள். இரண்டு விண்மீன்களும் படத்தின் நடுவில் வரட்டும், ஓரங்களில் வில்லை உருவத்தை வளைக்கும். பத்துப் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் இடைவெளியைப் படப்புள்ளியில் அளந்து சராசரி காணுங்கள். 708ஐ அந்தச் சராசரியால் வகுத்தால் ஒரு படப்புள்ளிக்கு எத்தனை விகலை என்பது வரும். 300 மி.மீ. வில்லையும் 4 மைக்ரோமீற்றர் படப்புள்ளியும் உள்ள கமராவில் விடை 2.75ஐ ஒட்டி, அதாவது இடைவெளி 257 படப்புள்ளியளவில் இருக்கும். உங்கள் விடை இதில் பாதியாகவோ இருமடங்காகவோ வந்தால் கமரா படத்தைச் சுருக்கிச் சேமிக்கிறதா என்று பாருங்கள். முழு அளவில் சேமிக்கும்படி மாற்றுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வசிட்டரே இரட்டை விண்மீன். 14 விகலை தள்ளி, மங்கலான துணை ஒன்று ஒட்டி நிற்கும். படத்தில் ஐந்து படப்புள்ளி அளவு நீண்டு தெரியும். பிரகாசமான முனையில் இருந்துதான் அளக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். எண் ஒரு வீதத்துக்கு மேல் மாறினால் வில்லை நழுவுகிறது என்று பொருள்.

6. ஒவ்வொரு இரவும் செய்ய வேண்டியது

அரை மணி நேரம் போதும். கமராவைக் கைமுறை நிலைக்கு மாற்றுங்கள். ஐ.எஸ்.ஓ. 1600, துளை முழுத் திறப்பு, திறப்பு நேரம் கால் முதல் அரை செக்கன். ஒரு செக்கனுக்குப் போனால் வானம் 15 விகலை நகர்ந்துவிடும், புள்ளி கோடாகும். அதிர்வு தடுக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், முக்காலியில் அது தானே ஆட்டத்தை உண்டாக்கும். திரையில் பெரிதாக்கிக் கையால் குவியப்படுத்துங்கள். 10 செக்கன் தாமத இயக்கத்தில் 15 படம் எடுங்கள்.

வியாழன் வெளுத்து வீங்கித் தெரியும். அது பரவாயில்லை, வட்டத்தின் நடுவைத்தான் எடுக்கப்போகிறோம். அயோ பல இரவுகளில் அந்த வீக்கத்துக்குள் மறைந்துவிடும். எனவே முதல் தடவை கலிஸ்டோவையும் கனிமீட்டையும் மட்டும் குறிவையுங்கள். நான்கில் கனிமீட் பிரகாசமானது, கலிஸ்டோ மங்கலானது.

கிழக்கு எது, மேற்கு எது என்பதை அன்றன்றே குறியுங்கள். கமராவைத் தொடாமல் ஒரு நிமிடம் விட்டு இரண்டு படம் எடுத்தால் வியாழன் எந்தப் பக்கம் நகர்ந்ததோ அது மேற்கு. தொலைநோக்கியில் மூலைக்கண்ணாடி இருந்தால் இடம் வலம் மாறித் தெரியும், அதற்கும் இதே சோதனைதான்.

நள்ளிரவை ஒட்டி வியாழன் உச்சிக்கு வந்துவிடும். கமராவை நேர்மேலே திருப்பினால் முக்காலித் தலை நிற்காது. பெப்ரவரியில் எட்டரைக்கும் பத்துக்கும் இடையே கிழக்கு வானில் பாதி உயரத்தில் பிடித்துவிடுங்கள். மார்ச் பிற்பகுதியில் எட்டரைக்கே உச்சியை நெருங்கியிருக்கும். அப்போது பதினொன்றரைக்குப் பிறகு மேற்கில் இறங்கும்போது எடுங்கள். பூரணையை ஒட்டிய இரவுகளில் சந்திரனும் அதே பக்கத்தில் நிற்கும். திறப்பு நேரத்தைக் குறைத்துக்கொண்டால் அந்த இரவையும் இழக்க வேண்டியதில்லை.

கலிஸ்டோவின் ஒரு சுற்று 16.69 நாள். இரண்டு சுற்றுப் பிடித்தால்தான் சுற்றுக்காலம் உறுதியாகும், ஐந்து வாரம் என்று சொன்னது அதனால்தான். இடையில் ஐந்தாறு இரவு தப்பினாலும் கெட்டுப்போகாது. கலிஸ்டோ ஆகத் தொலைவில் நிற்கும் இரவுகளைத் தவறவிடாதீர்கள். வீச்சைத் தீர்மானிப்பது அந்தப் புள்ளிகள்தான்.

7. எந்தப் புள்ளி எந்த நிலா?

படத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். ஸ்டெல்லேரியத்தில் நேரத்தைப் போட்டு ஒப்பிடுங்கள். 2026–27 பருவத்தில் நிலாக்களின் தளம் நமக்கு விளிம்பாகத் தெரிகிறது. ஒன்றை ஒன்று மறைக்கும், ஒன்றின் நிழலுக்குள் மற்றது மங்கும். ஒரு புள்ளி குறைந்தால் கமராவைக் குறை சொல்லாமல் ஸ்டெல்லேரியத்தைப் பாருங்கள்.

அளந்த விலகலைக் கிழக்கு என்றால் கூட்டல், மேற்கு என்றால் கழித்தல் குறியோடு விரிதாளில் எழுதுங்கள். வரிசைகள்: தசம நாளில் நேரம், படப்புள்ளி, விகலை, அன்றைய தூரம், கடைசியாக வானியல் அலகில் விலகல். விகலையை அன்றைய தூரத்தால் பெருக்கி 206265ஆல் வகுத்தால் அந்தக் கடைசி எண் வரும்.

8. வளைகோடு, பிறகு திணிவு

நேரத்துக்கு எதிரே விலகலைக் குறித்தால் சைன் வளைகோடு ஒன்று எழும்பும். வீச்சு, சுற்றுக்காலம், தொடக்க நேரம் என்ற மூன்றையும் மாற்றி மாற்றிப் பிழை வர்க்கங்களின் கூட்டுத்தொகையைச் சிறிதாக்குங்கள். விரிதாளின் தீர்வுக் கருவி (சோல்வர்) இதைச் செய்துதரும். தொடக்க ஊகமாகச் சுற்றுக்காலத்துக்கு 17 கொடுங்கள். 5 அல்லது 50 என்று கொடுத்தால் வேறெங்கோ போய் நின்றுவிடும். வரைபுத்தாளில் கையால் வரைந்தாலும் பரவாயில்லை, விடை சில வீதத்துக்குள் வரும்.

பிறகு வீச்சை (வானியல் அலகில்) மும்மடியாக்கி, சுற்றுக்காலத்தின் (ஆண்டில்) இருமடியால் வகுக்க வேண்டும். விடை, சூரியனின் திணிவில் வியாழன் எத்தனை பங்கு என்பது. ஈர்ப்பு மாறிலி தேவையில்லை, கிலோகிராம் தேவையில்லை.

வீச்சு 604 விகலை, தூரம் 4.35, சுற்றுக்காலம் 16.6 நாள் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். வீச்சு 0.01274 வானியல் அலகு, மும்மடி 0.000002067. சுற்றுக்காலம் 0.04545 ஆண்டு, இருமடி 0.002066. வகுத்தால் 0.0010, சூரியனில் ஏறக்குறைய 1,000இல் ஒரு பங்கு. ஏற்றுக்கொள்ளப்பட்ட மதிப்பு 1,047இல் ஒரு பங்கு, அதாவது 1.898×10²⁷ கிலோகிராம். பிழை 5 வீதம். மொட்டை மாடிக்கு இது மிக நல்ல விடை.

9. விடை பிழைத்தால்

பிழை 10 முதல் 20 வீதம் என்றால் அளவுத்திட்டத்தையும் தூரத்தையும் பாருங்கள். வீச்சில் 5 வீதப் பிழை திணிவில் 15 வீதமாகப் பெருகும். சுற்றுக்காலம் 16.69க்குப் பதில் 16.6 வந்தால் கலங்க வேண்டாம், அது உங்கள் பிழையில்லை. எதிர்நிலையை ஒட்டி வியாழன் வக்கிரகதியில் இருக்கும், நாம் பார்க்கும் திசையே நாளுக்கு 8 கலையளவு (ஒரு கலை 60 விகலை) பின்னோக்கித் திரும்பும். அதனால் நிலா முழுச்சுற்று முடிக்கச் சற்று முன்னரே பழைய இடத்துக்கு வந்ததாகத் தெரியும். திருத்தம் சுமார் 0.1 நாள்.

புள்ளிகள் வளைகோட்டின் இரு பக்கமும் சீராகச் சிதறினால் அளவீட்டுப் பிழை. ஓரிரண்டு புள்ளி மட்டும் எங்கோ கிடந்தால் கனிமீட்டைக் கலிஸ்டோ என்று எடுத்திருப்பீர்கள், அல்லது கிழக்கு மேற்கு மாறியிருக்கும். கொப்பியைப் பார்த்துத் திருத்துங்கள். காரணம் தெரியாமல் புள்ளியை அழிக்க வேண்டாம்.

10. அடுத்த பருவத்தில் அயோ

நான்கு நிலாக்களுக்கும் வீச்சின் மும்மடியைச் சுற்றுக்காலத்தின் இருமடியால் வகுத்தால் ஒரே எண் வர வேண்டும். இதைச் சோதிக்க அயோவும் யூரோப்பாவும் தேவை. அதற்கு 70 மி.மீ. தொலைநோக்கியும், ஓர் இரவில் இரண்டு தடவை எழும்பும் மனமும் வேண்டும். அயோவின் சுற்றுக்காலம் 1.769 நாள். தினமும் ஒரே நேரத்தில் ஒருமுறை மட்டும் எடுத்தால் புள்ளிகள் 2.30 நாள் வளைகோட்டிலும் அழகாகப் பொருந்திவிடும், எது உண்மை என்று புள்ளிகளால் சொல்ல முடியாது. எட்டரைக்கு ஒருமுறை, பன்னிரண்டரைக்கு ஒருமுறை எடுத்தால் பொய்யான வளைகோடு கழன்றுவிடும்.

அயோ, யூரோப்பா, கனிமீட் என்ற மூன்றின் சுற்றுக்காலங்களும் கிடைத்தபின் ஒவ்வொன்றின் தலைகீழையும் எடுங்கள். அயோவினுடையதில் இருந்து யூரோப்பாவினுடையதை மூன்று மடங்காகக் கழித்து, கனிமீட்டினுடையதை இரண்டு மடங்காகக் கூட்டுங்கள். 1.769, 3.551, 7.155 என்ற மதிப்புகளுக்கு 0.5653 − 0.8448 + 0.2795, கூட்டினால் பூச்சியம். பிரெஞ்சுக் கணிதவியலாளர் லப்லாஸ் விளக்கிய இந்தப் பிணைப்பு, மூன்று நிலாக்களின் ஈர்ப்பும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து வைத்திருப்பதால் வருவது. இதனால் மூன்றும் ஒரே நேரத்தில் வியாழனின் ஒரே பக்கம் வரிசையாகச் சேரவே மாட்டா. உங்கள் எண்களில் பூச்சியம் வராமல் 0.01 அளவில் மிஞ்சினால் முதலில் அயோவின் நேரக்குறிப்புகளைத் திருப்பிப் பாருங்கள்.